பரிசீலனை இல்லாத ஒரு மணி நேரம்

பழைய மாமல்லபுரம் சாலையில் நாவலூரைத் தாண்டினால் சிறுசேரி, படூர், கேளம்பாக்கம் என்று நீளும் பகுதியை ஐ.டி. காரிடார் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். கல்லூரிகளின் காரிடார் என்றாலும் தப்பில்லை. படூரிலேயே 1985-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி, 2008-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்த இந்துஸ்தான் தொழில்நுட்ப அறிவியல் நிறுவனம் இருக்கிறது. கொஞ்சம் தெற்கே காலவாக்கத்தில் எஸ்.எஸ்.என்., வண்டலூர் சாலையில் வி.ஐ.டி.யின் சென்னை வளாகம், சிறுசேரி சிப்காட்டுக்குள் சென்னை கணிதவியல் கழகம். இந்த வட்டாரத்தில் கணினி, பொறியியல் மாநாடுகளுக்குப் பஞ்சமே இல்லை. செயற்கை நுண்ணறிவு, தகவல் தொடர்பு, நிலைத்த வளர்ச்சி என்று தலைப்பு மாறும். அழைப்பிதழின் அமைப்பு மட்டும் மாறாது. மேலே புரவலர்கள், கீழே கன்வீனரும் ஒருங்கிணைப்பாளர்களும், நடுவில் வட்டத்துக்குள் நான்கைந்து முகங்கள். அவர்கள்தான் கீநோட் ஸ்பீக்கர்கள், முதன்மை உரையாளர்கள். ஒருவர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், ஒருவர் ஐ.ஐ.டி., ஒருவர் மென்பொருள் நிறுவனத்தின் துணைத் தலைவர். பேப்பர் போட நினைக்கும் ஆய்வு மாணவர் முதலில் பார்ப்பது மாநாட்டுத் தொகுப்பு ஸ்கோப்பஸ் ஆய்வுப் பட்டியலில் ஏறுமா என்பதை. அவருடைய வழிகாட்டி பார்ப்பது பதிவுக் கட்டணத்தை. நிர்வாகம் பார்ப்பது இந்த முகங்களை.

கணினித் துறையின் மாநாடுகளுக்கு வேறு துறைகளில் இல்லாத ஒரு கனம் உண்டு. மருத்துவத்திலும் இயற்பியலிலும் ஆய்வு முடிவுகள் பெரும்பாலும் ஆய்விதழில்தான் முழுமையாக வெளிவரும். மாநாடு என்பது அதையொட்டிக் கூடிப் பேசுகிற இடம். கணினியியலில் மாநாட்டுத் தொகுப்பில் வரும் கட்டுரையையே பல நேரங்களில் இறுதி வெளியீடாக மதிக்கிறார்கள். அதனால் பெயர்பெற்ற மாநாடுகளில் கெடுபிடி அதிகம். எழுதியவர் யார் என்று தெரியாமலே மூன்று நான்கு பேர் கட்டுரையைப் படித்துக் குறை சொல்வார்கள், எழுதியவர் பதில் சொல்வார். நான்கில் ஒரு கட்டுரை தேறினாலே பெரிது. இத்தனையையும் தாண்டி வந்த கட்டுரைக்கு மேடையில் கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிடம், அதுவும் ஒரே நேரத்தில் நடக்கும் பல அமர்வுகளில் ஒன்றில். எந்தப் பரிசீலனையும் இல்லாமல், மொத்த அரங்கமும் ஒரே பக்கம் திரும்பி உட்கார, முக்கால் மணியோ ஒரு மணியோ பேசும் உரிமை கீநோட் பேச்சாளருக்கு மட்டும்தான்.

இது முரண்தான், ஆனால் வேண்டியே வைத்துக்கொண்ட முரண். கட்டுரையில் நிரூபித்ததை மட்டுமே எழுதலாம். துறையில் தீராமல் கிடக்கும் கேள்வி எது, எந்த முயற்சி தோற்றது, எல்லோரும் ஓடுகிற திசை சரிதானா என்பதையெல்லாம் கட்டுரையாக்கி அனுப்பினால் பரிசீலகர் திருப்பி அனுப்பிவிடுவார். அவற்றைச் சொல்வதற்கென்றே பரிசீலனையைத் தள்ளிவைத்து ஒரு மணி நேரத்தை ஒதுக்குகிறார்கள். அப்படியானால் அந்த உரையை எதைக் கொண்டு அளப்பது? பேசியவர் கேட்டவர்களுக்கு என்ன வேலை வைத்துவிட்டுப் போனார் என்பதைக் கொண்டுதான் அளக்க வேண்டும் என்பது என் வாதம். நம் கல்லூரிகளில் பெரும்பாலானவை வந்தவர் யார் என்பதோடு கணக்கை முடித்துக்கொள்கின்றன.

வேலை வைத்துவிட்டுப் போன உரைகளில் முதலில் நினைவுக்கு வருவது கணிதத்தைச் சேர்ந்தது. 1900 ஆகஸ்ட் 8 அன்று பாரிஸில் நடந்த உலகக் கணித மாநாட்டில் ஜெர்மானியர் டேவிட் ஹில்பர்ட் பேசினார். என்ன பேசுவது என்று அவர் தடுமாறிக்கொண்டிருந்தபோது, வருங்காலத்தைப் பற்றிப் பேசு என்று யோசனை சொன்னவர் நண்பர் மின்கோவ்ஸ்கி. புதிய நூற்றாண்டில் கணிதம் தீர்க்க வேண்டிய கணக்குகள் என்று ஹில்பர்ட் தொகுத்தவை 23. மேடையில் சொல்ல நேரம் கிடைத்தது 10-க்கு மட்டும். அது மாநாட்டின் பெரிய பொது அமர்வுகூட இல்லை. கணித வரலாறும் கற்பித்தலும் பேசப்பட்ட கூட்டுப் பிரிவு. பிறகு நடந்த விவாதமும் சுரத்தில்லாமல்தான் இருந்தது என்று அங்கிருந்த கணித அறிஞர் சார்லட் ஸ்காட் எழுதிவைத்திருக்கிறார். கைதட்டலை வைத்து அளந்திருந்தால் அது ஒரு சுமாரான உரை. ஆனால் அந்தப் பட்டியலின் பத்தாவது கணக்கு, குறிப்பிட்ட வகைச் சமன்பாடுகளுக்கு முழு எண் தீர்வு உண்டா இல்லையா என்று கண்டுபிடிக்க ஒரு பொதுவான செய்முறை கேட்டது. அப்படியொரு செய்முறை இருக்கவே முடியாது என்று 1970-இல் யூரி மத்தியாசெவிச் முடித்துவைத்தார். ஜூலியா ராபின்சன், மார்ட்டின் டேவிஸ், ஹிலரி புட்னம் மூவரும் பாதி தூரத்துக்கு மேல் கட்டிவைத்த பாதையில் நடந்துதான் அவர் அங்கே போய்ச் சேர்ந்தார். நிரூபிக்கத் தேவைப்பட்டது கணினியால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்ற கோட்பாடு. 1900-இல் அந்தக் கோட்பாடும் கிடையாது, கணினியும் கிடையாது. ஓர் உரை வைத்துவிட்டுப் போன வேலை முடிய எழுபது ஆண்டு.

இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மனின் கதை கொஞ்சம் சில்லறையானது, அதனாலேயே பயனுள்ளது. 1959 டிசம்பர் 29 அன்று அமெரிக்க இயற்பியல் கழகக் கூட்டத்தில், பொருள்களை எவ்வளவு நுண்ணியதாகச் செய்யலாம் என்று பேசியவர், கையோடு இரண்டு பந்தயமும் கட்டினார். அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு பக்கமுள்ள கனசதுரத்துக்குள் அடங்கும் மின்மோட்டார் செய்பவருக்கு ஆயிரம் டாலர். ஒரு புத்தகப் பக்கத்தை நீளத்தில் 25,000 மடங்கு சுருக்கி எழுதுபவருக்கு இன்னொரு ஆயிரம். மறு ஆண்டே வில்லியம் மெக்லெல்லன் என்ற பொறியாளர் மோட்டாரைக் கொண்டுவந்து நீட்டினார். புதிய உத்தி எதுவும் இல்லாமல், பொறுமையையும் சாதாரணக் கருவிகளையும் வைத்தே செய்துவிட்டார் என்பதில் ஃபெயின்மனுக்கு ஏமாற்றம், பணத்தைக் கொடுத்துவிட்டார். இரண்டாவது பரிசை ஸ்டான்ஃபோர்டு மாணவர் டாம் நியூமன் வாங்கியது 1985-இல். நானோ தொழில்நுட்பமே அந்த உரையில்தான் பிறந்தது என்று பின்னாளில் கட்டிய புராணம் மிகை. முதல் இருபது ஆண்டுகளில் அதை மேற்கோள் காட்டியவர்கள் மிகச் சிலரே. ஆனால் இருவர் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள் என்பது மிகை கிடையாது.

இதையெல்லாம் பழங்கதை என்று தள்ளுகிறவர்களுக்கு 2017 டிசம்பரைச் சொல்லலாம். கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் இயந்திரக் கற்றலுக்கான மிகப் பெரிய ஆண்டு மாநாடான நிப்ஸ் கூடியது. பத்து ஆண்டுகளுக்கு முன் பெஞ்சமின் ரெக்ட்டுடன் சேர்ந்து எழுதிய கட்டுரைக்காக விருது வாங்க மேடையேறிய அலி ரஹிமி, நன்றி சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். இயந்திரக் கற்றல் ரசவாதமாகிவிட்டது என்றார். வேலை செய்கிறது, ஏன் வேலை செய்கிறது என்று தெரியவில்லை, அப்படிப்பட்ட ஒன்றின் கையில் மருத்துவத்தையும் சமூக ஊடகத்தையும் ஒப்படைக்கிறோம் என்பது அவர் குற்றச்சாட்டு. துறையின் மூத்தவர் யான் லெகூன் அதைக் கடுமையாக மறுத்து எழுதினார்: கோட்பாடு வரும்வரை கைகட்டிக் காத்திருந்தால் எந்தக் கருவியும் பிறந்திருக்காது. யார் பக்கம் நியாயம் என்பது இன்னும் முடியாத வழக்கு. பார்க்க வேண்டியது வேறு. மூத்தவர்கள் முன்வரிசையில் இருக்க, அவர்கள் துறையையே குறை சொல்லும் பேச்சுக்கு அந்த மேடை இடம் கொடுத்தது. பதிலும் மரியாதைக்கு அஞ்சாமல் வந்தது. இன்னொன்றையும் சொல்லாமல் விடக் கூடாது. இன்றைய சாட்ஜிபிடி வகையறாக்களுக்கெல்லாம் மூலமான டிரான்ஸ்ஃபார்மர் கட்டுரை வந்ததும் அதே மாநாட்டில்தான். அது போஸ்டராகத் தட்டியில் தொங்கியது. எழுதிய எட்டுப் பேரில் ஆஷிஷ் வாஸ்வானி, நிக்கி பார்மர் என்ற இரண்டு இந்தியப் பெயர்களும் உண்டு. மேடையில் இருப்பவரை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர், மாநாட்டின் மிகப் பெரிய செய்தியைத் தட்டியின் பக்கத்தில் தவறவிட்டிருக்கவும் கூடும்.

இப்போது நம் வழக்கத்தைப் பார்ப்போம். ஒன்பதரை மணிக்குத் தொடங்க வேண்டிய விழா பத்தே காலுக்குத் தொடங்கும். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைவர் உரை, வேந்தர் உரை, மலர் வெளியீடு, ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, ஒவ்வொரு பொன்னாடைக்கும் புகைப்படம். பேச்சாளரை அறிமுகப்படுத்த வரும் இளம் விரிவுரையாளர் அவருடைய இரண்டு பக்க வாழ்க்கைக் குறிப்பை ஒரு வரி விடாமல் வாசிப்பார்: எத்தனை கட்டுரை, எத்தனை காப்புரிமை, எச்-இண்டெக்ஸ் எவ்வளவு. அரங்கம் நிறைந்திருக்க வேண்டும் என்பதற்காக இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு ஓ.டி. (வகுப்புக்கு வந்ததாகக் கணக்கு) போட்டு உட்கார வைத்திருப்பார்கள். ஒரு மணி நேர உரை நாற்பது நிமிடமாகச் சுருங்கி, கேள்வி நேரத்துக்கு வரும்போது ‘நேரமின்மை காரணமாக’ என்று மைக்கில் ஒரு குரல் கேட்கும். நினைவுப் பரிசு, குழுப்படம், தேநீர். மதியத்துக்கு மேல் ஆய்வு மாணவர்கள் சின்னச் சின்ன வகுப்பறைகளில் தங்கள் கட்டுரைகளைப் படிக்கும்போது, கீநோட் பேச்சாளர் பெரும்பாலும் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போய்க்கொண்டிருப்பார். அர்ச்சுனன் தபசையும் கடற்கரைக் கோயிலையும் வந்த விருந்தாளிக்குக் காட்டுவதில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் அவர் மாநாட்டில் கேட்ட ஒரே உரை அவருடையதாகவே இருந்துவிடுகிறது.

இதைக் கன்வீனர்களின் குற்றமாகச் சொல்வது எளிது, நியாயமாகாது. மேலிருந்து வரும் கணக்கு அப்படி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிமுறைப்படி, முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு முன் ஆய்விதழில் ஒரு கட்டுரையும் மாநாடுகளில் இரண்டு கட்டுரை வாசிப்பும் கட்டாயமாக இருந்தன. நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு இரண்டு மேடை வேண்டும் என்றால் மாநாடுகள் முளைக்கத்தான் செய்யும். 2022-இல் வந்த புதிய விதிமுறை அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஆனாலும் தர மதிப்பீட்டுக்கு வரும் குழுக்களுக்குக் காட்டவும், ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கும், மாநாட்டுக் கட்டுரைகளின் எண்ணிக்கை இன்னும் உதவத்தான் செய்கிறது. நூற்றுக்கணக்கான மாநாடுகள் ஒரே கூட்டத்தை நோக்கிக் கடை விரிக்கும்போது, வட்டத்துக்குள் இருக்கும் முகம் பெயர்ப் பலகையாகிவிடுகிறது.

பெயர்ப் பலகை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு வழக்கே இருக்கிறது. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் குழுமம் நூற்றுக்கணக்கான ஆய்விதழ்களையும் உலகெங்கும் மாநாடுகளையும் நடத்தியது. அதன் மீது அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2016-இல் வழக்குப் போட்டது. பல குற்றச்சாட்டுகளில் ஒன்று, வருவதாக ஒப்புக்கொள்ளாத பெரிய ஆய்வாளர்களின் பெயர்களைப் போட்டு மாநாட்டுக்கு ஆள் சேர்த்தது. 2019 மார்ச்சில் நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்தச் சொல்லித் தீர்ப்பளித்தது. நம் கல்லூரி மாநாடுகளை இதோடு சேர்த்துக் கட்டவில்லை. அவற்றில் அறிவித்தவர் வருகிறார், பேசுகிறார். ஆனால் ஆள் வராமலே பெயர் மட்டும் வேலை செய்கிறது என்றால், சந்தையில் விலை போவது உரையா பெயரா என்பது தெளிவு.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். பெரிய பெயருக்கே ஒரு பயன் உண்டு. செங்கல்பட்டுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்லூரிப் பேருந்தில் வரும் பெண், உலகறிந்த ஓர் ஆய்வாளரை நேரில் பார்ப்பதே ஓர் உந்துதல் அல்லவா? உந்துதல் உண்மைதான். ஆனால் உந்துதலும் அறிவும் ஒன்றாகவே வரும் என்று நம்பிவிட முடியாது. 1970-இல் அமெரிக்காவில் டாக்டர் மைரன் ஃபாக்ஸ் என்று ஒருவரை மனநல மருத்துவர்கள், உளவியலாளர்கள் முன் நிறுத்தினார்கள். மருத்துவர்களுக்கான பயிற்சியில் கணித விளையாட்டுக் கோட்பாட்டின் பயன் என்பது தலைப்பு. வந்தவர் நடிகர், தலைப்பைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. முரண்பாடும் புதுச் சொற்களும் நகைச்சுவையும் கலந்து, பொருளே இல்லாமல் பேசும்படி அவரைப் பழக்கியிருந்தார்கள். நேரிலும் பிறகு படப்பதிவிலும் பார்த்த மூன்று குழுக்களைச் சேர்ந்த 55 பேரில் பெரும்பாலானோர் நன்றாக இருந்தது, சிந்திக்கத் தூண்டியது என்று மதிப்பெண் போட்டார்கள். 1973-இல் இது மருத்துவக் கல்விக்கான ஆய்விதழில் கட்டுரையாக வந்தது. கேட்டவர்கள் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் அல்லர், படித்துப் பட்டம் வாங்கிய தொழில் வல்லுநர்கள். அரங்கம் கிளர்ந்தது என்பது உரையில் விஷயம் இருந்ததற்குச் சான்றாகாது என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டாம்.

ஆனாலும் பெரிய பெயர் ஒரு சின்ன இடத்துக்கு வந்து பெரிய காரியம் நடந்த கதை சென்னையிலேயே உண்டு. என் வாதத்துக்கு எதிராக வைக்கத் தகுந்த வலுவான எடுத்துக்காட்டும் அதுதான். 1950-களின் கடைசியில் இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தம் குடும்ப வீடான ஏகாம்ர நிவாஸில் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு நடத்திவந்தார். அன்றைய சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் இல்லாததை மாணவர்கள் அங்கே உட்கார்ந்து படித்தார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் விஞ்ஞானிகளை வீட்டுக்கே அழைத்துப் பேச வைத்தார். 1960 ஜனவரியில் இயற்பியலாளர் நீல்ஸ் போர் வந்தார். இந்தியாவில் தம்மைக் கவர்ந்தவை என்று அவர் குறிப்பிட்டவை இரண்டு: பம்பாயின் டாடா ஆய்வு நிறுவனம், சென்னையில் ராமகிருஷ்ணன் பழக்கிய சின்ன மாணவர் குழு. அந்தப் பாராட்டு நேருவின் காதுக்கு எட்டியது. மறு ஆண்டு நேரு சென்னை வந்தபோது, அன்றைய மாநிலக் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியத்தின் முயற்சியால் அந்த மாணவர்களைச் சந்தித்தார். 1962 ஜனவரி 3 அன்று கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. தொடங்கிவைத்தவர் வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர். பெயரின் வலிமைக்கு இது சான்றல்லவா? சான்றுதான். ஆனால் நீல்ஸ் போரின் பெயர் எதை நகர்த்தியது என்று பார்க்க வேண்டும். தம் மேடையிலிருந்து இறங்கி, மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்ததால்தான் அவரிடம் சொல்ல ஏதோ இருந்தது. அன்று மதியம் அவரை மாமல்லபுரத்துக்கு அனுப்பிவைத்திருந்தால் டெல்லியில் அவர் கல் ரதங்களைத்தான் பாராட்டியிருப்பார்.

படூரிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே வேறொரு வழக்கத்துக்கும் முன்மாதிரி இருக்கிறது. சி.எஸ். சேஷாத்ரி 1989-இல் தொடங்கி, 2005-இல் சிறுசேரிக்கு இடம் மாறிய சென்னை கணிதவியல் கழகத்துக்கு நெருக்கமான மாநாடு எஃப்.எஸ்.டி.டி.சி.எஸ். கோட்பாட்டுக் கணினியியலுக்காக 1981 முதல் இந்தியாவில் ஆண்டுதோறும் நடப்பது. 2010, 2016 உட்படச் சென்னைக்கும் பலமுறை வந்திருக்கிறது. அழைப்புப் பேச்சாளர்கள் தாங்கள் பேசப் போவதைச் சுருக்கமாகவோ கட்டுரையாகவோ எழுதித் தர, அது மற்ற கட்டுரைகளோடு தொகுப்பில் அச்சாகிறது. தொகுப்பை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம். எழுதித் தா என்று கேட்பது சின்ன விஷயம்போலத் தெரியும். எழுதினால் பத்து ஆண்டு கழித்தும் ஒருவர் எடுத்துப் பார்த்து, அன்று சொன்னது தப்பு என்று சொல்ல முடியும். பரிசீலனை இல்லாத உரைக்குப் பின்னாலிருந்தாவது ஒரு பரிசீலனை வந்து சேர்கிறது.

அது ஒருவரையொருவர் அறிந்த சிறு கூட்டம், எங்கள் கல்லூரியில் அறுநூறு மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், தீராத கணக்கைப் பேசினால் யாருக்குப் புரியும் என்று கேட்பார்கள். புரிய வைப்பதற்கு முன்கூட்டியே ஒரு பக்கக் குறிப்பு போதும். பேச்சாளரின் தலைப்பை ஒரு வாரம் முன்னால் வாங்கி, துறை ஆசிரியர் ஒருவர் அதற்கு அடிப்படையான ஒரு கட்டுரையை மூன்றாம் ஆண்டு வகுப்பில் நடத்திவிட்டால், அரங்கத்தில் கேள்வி கேட்க நாலு பேராவது இருப்பார்கள். அதற்குக்கூட ஆள் இல்லை என்றால் அந்தத் தலைப்பில் மாநாடு நடத்துவதே கேள்விக்குரியது. ஓ.டி. கொடுத்துக் கூட்டிவந்த அறுநூறு பேரைவிட விருப்பப்பட்டு வந்த அறுபது பேர் போதும் என்று சொல்லும் துணிவு எந்தக் கன்வீனருக்காவது வந்தால் நல்லது. முதல்வர் அறைக்கு அடிக்கடி போய்வர வேண்டியிருக்கும், அது வேறு விஷயம்.

யாரை அழைப்பது என்பதில் தொலைதூர மோகம் இன்னொரு வினோதம். பன்னாட்டு மாநாடு என்று பெயர் வைத்துவிட்டால் வெளிநாட்டு முகவரி ஒன்றாவது வேண்டும் என்ற கட்டாயம் எப்படியோ வந்துவிடுகிறது. படூரிலிருந்து தெற்கே போனால் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. 2013-இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் அளவில் தொடங்கியது, 2024-இல் இன்னொரு 15 கோடி லிட்டர் பிரிவு சேர்ந்தது. சவ்வூடு பரவலில் சவ்வுகள் எவ்வளவு சீக்கிரம் அடைபடுகின்றன, மழைக்காலத்தில் கலங்கிய கடல்நீர் வரும்போது ஆலை என்ன செய்கிறது என்று பேச அங்கே பொறியாளர்கள் இருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் போனால் கல்பாக்கம். 2004 டிசம்பர் 26 காலை சுனாமி வந்தபோது சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டாம் அலகு ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீர் உள்ளே எடுக்கும் சுரங்கம் வழியாகப் புகுந்து பம்பு அறையை மூழ்கடித்தது. அலகைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். எந்தக் கருவி எந்த உயரத்தில் இருந்தது, எந்த எச்சரிக்கை எந்த வரிசையில் வந்தது, கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் என்ன முடிவெடுத்தார்கள் என்று அதை அறிந்த ஒருவர் ஒரு மணி நேரம் பேசினால், நம்பகமான மென்பொருள், உணர்கருவி, அவசர நிலைத் தீர்மானம் என்று மாநாட்டுத் தலைப்புகள் எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருக்கிறது.

அரசுத் துறையும் தனியார் நிறுவனமும் தோல்வியைப் பேச அனுமதி தருமா என்ற சந்தேகம் சரியானது. எல்லாவற்றையும் தராது. சிறுசேரியில் இருக்கும் மென்பொருள் நிறுவன அதிகாரியை அழைத்தால், பத்தில் எட்டு முறை நிறுவனத்தின் ஸ்லைடுகளோடுதான் வருவார். முதல் பத்து நிமிடம் எத்தனை நாடுகளில் கிளை என்பதில் போகும். ஆனால் அழைப்புக் கடிதத்திலேயே ‘உங்கள் துறையில் எதிர்பார்த்தபடி நடக்காத ஒன்றைப் பற்றி’ என்று கேட்டுப் பார்க்கலாம். பழகிய ஆட்களிடம் அப்படிக் கேட்பவர்களே குறைவு. கேட்காததால் எல்லோரும் வருங்காலத்தைப் பற்றியே பேசுகிறார்கள், அதில் யாரையும் பிடிக்க முடியாது என்பதால்.

வட்டத்துக்குள் இருக்கும் முகங்கள் பெரும்பாலும் ஆண்களாகவே இருப்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கணினி வகுப்பறைகளில் பாதிக்குப் பாதி பெண்கள் உட்காரும் மாநிலத்தில் இதற்குத் தகுதியானவர் கிடைக்கவில்லை என்ற பதில் செல்லாது. கணினித் துறை சார்ந்ததல்ல என்றாலும் 2014-இல் வந்த ஓர் ஆய்வு இங்கே பொருந்தும். அமெரிக்க நுண்ணுயிரியல் கழகத்தின் கூட்டங்களில் 460 அமர்வுகளை, அவற்றில் பேசிய 1,845 பேரை ஆர்ட்டுரோ காசடேவாலும் ஜோ ஹேண்டல்ஸ்மனும் எண்ணிப் பார்த்தார்கள். அமைப்பாளர்களில் ஒரே ஒரு பெண்ணாவது இருந்த அமர்வுகளில், ஆண்கள் மட்டுமே அமைத்தவற்றைவிடப் பெண் பேச்சாளர்களின் விகிதம் 72 சதவீதம் கூடுதல். அழைப்பு எப்போதும் அழைப்பவரின் கைபேசியில் இருக்கும் எண்களுக்கே போகிறது என்பதைத்தான் இந்த எண் சொல்கிறது.

கடைசியாக வரும் மறுப்பு, இதெல்லாம் எதற்கு, எல்லா உரையும் யூடியூபில் இருக்கிறதே என்பது. கொரோனாவுக்குப் பிறகு ஜூமில் கீநோட் வைப்பது பழகிவிட்டது. விமான டிக்கெட் மிச்சம், பெரிய ஆளும் ஒப்புக்கொள்கிறார். ஜூமை நான் குறை சொல்ல மாட்டேன். நேரில் வந்து பேசிவிட்டு மதியம் காணாமல் போகிறவரைவிட, திரையில் வந்து அரை மணி நேரம் கேள்விக்குப் பதில் சொல்கிறவர் மேல். முன்கூட்டியே பதிவு செய்து அனுப்பிய காணொளியை அரங்கில் ஓட விடுவதை மட்டும் கீநோட் என்று அழைப்பிதழில் போடாமல் இருக்கலாம். அதை மாணவர்கள் விடுதி அறையிலேயே பார்த்துக்கொள்வார்கள். பயணச் செலவில் மிச்சமாகும் பணத்துக்கும் வழி இருக்கிறது. ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் நகரில் 2013 முதல் ஆண்டுதோறும் டூரிங் விருது, ஃபீல்ட்ஸ் பதக்கம் போன்றவற்றைப் பெற்றவர்களையும் 200 இளம் ஆய்வாளர்களையும் ஒரு வாரம் ஒன்றாக இருக்க வைக்கிறார்கள். படூரில் ஒரு வாரம் முடியாது. இரண்டு நாள் மாநாட்டில் பேச்சாளர் ஒருவரை இரண்டு நாளும் விடுதியில் தங்க வைத்து, மாணவர் அமர்வு ஒன்றுக்குத் தலைமை தாங்கச் சொல்லி, மதியச் சாப்பாட்டை வி.ஐ.பி. அறையில் போடாமல் ஆய்வு மாணவர்களோடு சேர்த்துப் போடச் சொல்லலாம். அதற்கு ஆகும் கூடுதல் செலவு ஓர் இரவு அறை வாடகை. அழைப்பிதழில் வாழ்க்கைக் குறிப்பு அச்சடிக்கும் இடத்தில், அவர் விட்டுப் போகப் போகும் கேள்வியை அச்சடிக்க அந்தச் செலவும் கிடையாது.